செல்லாத சொல்: சார்லஸ் பிராட்லாவின் வாழ்க்கை

சார்லஸ் பிராட்லா என்ற பெயரை நான் முதலில் கண்டது காந்தியின் ‘சத்திய சோதனை’யில்தான். லண்டனில் சட்டம் படித்துக்கொண்டிருந்த காந்தி பிராட்லாவின் அடக்கத்துக்குச் சென்றதையும், லண்டனில் வசித்த இந்தியர் எல்லாருமே அன்று அங்கு வந்திருப்பார்கள் என்று தாம் நம்புவதையும் அதில் எழுதுகிறார். திரும்பும் வழியில் ரயில் நிலையத்தில் ஒரு நாத்திகர் ஒரு பாதிரியாரை வம்புக்கு இழுத்து, உங்கள் கடவுள் எவ்வளவு பெரியவர், எங்கே இருக்கிறார் என்று கேட்கிறார். நம் இருவர் உள்ளத்திலும் இருக்கிறார் என்று பாதிரியார் அடக்கமாகப் பதில் சொல்கிறார். நாத்திகத்தின் மேல் தமக்கிருந்த வெறுப்பை அந்தப் பேச்சு இன்னும் கூட்டிவிட்டது என்கிறார் காந்தி. வெகுகாலம் வரை பிராட்லாவும் எனக்கு அந்த ரயில் நிலையத்து வாக்குவாதக்காரரின் சாயலிலேயே தெரிந்தார். ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. நாத்திகத்தின் மேல் அத்தனை வெறுப்புக் கொண்ட 21 வயது இந்திய மாணவர் ஓர் ஆங்கிலேய நாத்திகரின் அடக்கத்துக்கு எதற்காகப் போனார்? ஊரிலிருந்த இந்தியர் அத்தனை பேரும் எதற்காகப் போனார்கள்?

அதற்கான விடையைத் தேடிப் போனபோதுதான், 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் நாடாளுமன்ற வரலாற்றிலேயே மிக விசித்திரமான ஒரு போராட்டத்தை நடத்திய மனிதரை நான் கண்டேன். முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் உறுப்பினர், ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் தம் இருக்கைக்காகப் போராடினார். அந்த ஆண்டுகளில் தொகுதி மக்கள் அவரைத் திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். சபை அவரைத் திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. கடவுள் உண்டா இல்லையா என்ற விவாதமாக மட்டும் இதைப் பார்ப்பது அந்த மனிதருக்குச் செய்யும் அநீதி என்றே நான் கருதுகிறேன். கடவுளை நம்பாதவனின் சொல் செல்லுமா என்பது அங்கே ஒரு கேள்வி. அவனுக்கு வாக்களித்த ஊரின் சொல் செல்லுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி.

பிராட்லா 1833 செப்டம்பர் 26 அன்று லண்டனின் கிழக்குப் பகுதியான ஹாக்ஸ்டனில் பிறந்தார். தந்தை ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. பதினோரு வயதோடு பள்ளிப்படிப்பு முடிந்தது. அலுவலகத்தில் எடுபிடி வேலை, பிறகு நிலக்கரி வியாபாரியிடம் கணக்கு எழுதும் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தார். பிஷப்பின் வருகைக்குத் தயாராகும்படி பாக்கர் என்ற பாதிரியார் பணிக்கவே, பையன் சிரத்தையுடன் நான்கு சுவிசேஷங்களையும் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் அருகருகே வைத்துப் படித்தான். இரண்டுக்கும் பல இடங்களில் பொருந்திவரவில்லை. விளக்கம் கேட்டுப் பாதிரியாருக்கே பணிவாகக் கடிதம் எழுதினான். விளக்கம் வரவில்லை, நாத்திகன் என்ற குற்றச்சாட்டு பெற்றோருக்குப் போய்ச் சேர்ந்தது. வேதபாட வகுப்பிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டு, மூன்று நாளில் கருத்தை மாற்றிக்கொள்ளாவிட்டால் வேலை போகும் என்ற நிலை வந்தபோது, பதினாறு வயதை ஒட்டிய அந்தப் பையன் வீட்டை விட்டு வெளியேறினான். ஐயம் கேட்டவனை அந்தப் பாதிரியார் எதிரியாகவே ஆக்கிவிட்டார். ஒரு பதில் கடிதம் எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு.

வயிற்றுப்பாட்டுக்காக 1850இல் ராணுவத்தில் சேர்ந்தார். இந்தியாவுக்குப் போகும் எண்ணம் இருந்தது, அனுப்பப்பட்டதோ அயர்லாந்துக்கு. குத்தகைதாரர்களை வீடுகளிலிருந்து வெளியேற்றும் அதிகாரிகளுக்குக் காவலாகப் படைவீரர்கள் நிற்க வேண்டியிருந்தது. ஒரு நாள் கொட்டும் மழையில் ஒரு குடிசையை இடிக்கப் போனபோது, உள்ளே தன் கணவன் காய்ச்சலில் கிடக்கிறான் என்று ஒரு பெண் கெஞ்சினாள். உத்தரவு உத்தரவுதான் என்று அவனை வெளியே தூக்கிப் போட்டார்கள். படை அங்கே நிற்கும்போதே அவன் உயிர் பிரிந்தது. பிராட்லா இதைப் பல ஆண்டுகள் கழித்தும் மேடைகளில் சொன்னார். அயர்லாந்தின் நிலத் துயரம் பற்றிக் கடைசி வரை பேசினார். பின்னாளில் அயர்லாந்து உறுப்பினர்களில் பெரும்பாலோர் மதத்தின் பெயரால் அவருக்கு எதிராக வாக்களித்த பிறகும் அந்தப் பேச்சை நிறுத்தவில்லை.

1853இல் உறவினர் ஒருவரின் சொத்திலிருந்து வந்த பணத்தைக் கொண்டு ராணுவத்திலிருந்து விடுதலை வாங்கி, லண்டன் திரும்பி, அவரும் வக்கீல் குமாஸ்தா ஆனார். அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தி எனக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிகம் உதவியது. என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஒரு மனு திரும்பி வந்தால், வக்கீல் கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள், எந்த விதியின் கீழ் திரும்பியது, எந்த வில்லை குறைந்தது, அடுத்த வாய்தாவுக்குள் என்ன செய்யலாம் என்று கட்டைப் பிரித்துச் சொல்லிவிடுவார். பிராட்லாவிடம் இருந்தது அதே கண். மேடையில் அவர் இடிமுழக்கம். ஆறடிக்கு மேல் உயரம், பல்லாயிரம் பேருக்குக் கேட்கும் குரல். ஆனால் வழக்கு என்று வந்துவிட்டால் அரசாங்கத்தின் தலைமை வழக்கறிஞர்களுக்கு எதிரில் தாமே நின்று விதியை எழுத்தெண்ணிப் படித்து வாதாடும் குமாஸ்தா.

அந்தக் காலத்து ஆங்கிலேய நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்யாதவர் பொதுவாகச் சாட்சி சொல்ல முடியாது. தெய்வ தண்டனையில் நம்பிக்கை இல்லாதவரின் பிரமாணமும் செல்லாது. 1867இல் ஒரு பண வழக்கில் பிராட்லாவின் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அவர் விடவில்லை. அந்த வழக்கின் விளைவுகளில் ஒன்றாக 1869இல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, நம்பிக்கை அற்றவர்களும் வெறும் உறுதிமொழி கூறிச் சாட்சி சொல்ல வழி பிறந்தது. அதே காலத்தில் அவருடைய ‘நேஷனல் ரிஃபார்மர்’ இதழுக்குப் பிணைத்தொகை கட்டும்படி அரசு வற்புறுத்தியபோது, அரசின் ஆணையை மீறி வெளியிடப்படுவது என்று இதழின் முகப்பிலேயே அச்சிட்டார். கடைசியில் சட்டமே நீக்கப்பட்டது. 1866இல் அவர் முன்னின்று தொடங்கிய தேசிய மதச்சார்பின்மைச் சங்கம் இன்றும் இயங்கிவருகிறது.

1877ஆம் ஆண்டு வழக்கைத் தமிழ் வாசகர்கள் ஓரளவு அறிந்திருக்கலாம். ஏனெனில் அதில் உடன் நின்றவர் பின்னாளில் அடையாற்றுக்கு வந்த அன்னி பெசன்ட். கருத்தடை பற்றி நோல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிய சிறுநூலை இருவரும் துணிந்து வெளியிட்டார்கள். ஆறு மாதச் சிறையும் 200 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன. குற்றப்பத்திரிகையில் ஆட்சேபத்துக்குரிய வாசகங்கள் எடுத்துக் காட்டப்படவில்லை என்ற சட்டக் குறையை முன்வைத்து மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. குமாஸ்தாவின் கண் அங்கும் வேலை செய்தது. ஆனால் பெசன்ட் அதற்கு விலையாகத் தம் மகளைப் பிரிய நேர்ந்தது. பிராட்லாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தைக் கடந்துபோய்விடுகிறார்கள். நான் கடந்துபோக விரும்பவில்லை.

நார்த்தாம்ப்டன் செருப்புத் தொழிலாளர்களின் ஊர். அங்கே 1868இல் பிராட்லா போட்டியிட்டபோது, தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அவருக்கு 10 பவுண்டு நன்கொடை அனுப்பினார். அந்தத் தேர்தலில் மில் தம் இடத்தையே இழந்ததற்கு இந்த நன்கொடையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பிராட்லாவும் அந்த முறை தோற்றார். 1874இல் பொதுத்தேர்தலிலும் இடைத்தேர்தலிலுமாக இருமுறை தோற்றார். 1880 ஏப்ரலில்தான், இரண்டு உறுப்பினர்களைக் கொண்ட அந்தத் தொகுதியில் ஹென்றி லபூஷேரோடு சேர்ந்து வென்றார்.

1880 மே 3 அன்று நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் மேசைக்கு வந்து, உறுப்பினர்கள் இருக்கையில் அமருமுன் கடவுள் பெயரால் எடுக்க வேண்டிய பிரமாணத்துக்குப் பதிலாக உறுதிமொழி கூற உரிமை கோரும் எழுத்தைச் சபைச் செயலர் எர்ஸ்கின் மேயிடம் கொடுத்தார். நீதிமன்றத்தில் செல்லும் உறுதிமொழி நாடாளுமன்றத்திலும் செல்லும் என்பது அவர் வாதம். சத்தியம் செய்வதே தவறு என்று கருதும் குவேக்கர்கள் போன்ற சில கிறிஸ்தவப் பிரிவினருக்கு மட்டுமே அந்தச் சலுகை உண்டு என்றார்கள் எதிர்த்தவர்கள். சபாநாயகர் பிராண்ட் முடிவைத் தாமே எடுக்காமல் சபையிடம் விட்டார். அமைக்கப்பட்ட குழு, தலைவரின் ஒற்றை வாக்கில், கோரிக்கையை நிராகரித்தது. அப்படியானால் வழக்கமான பிரமாணத்தையே எடுக்கிறேன் என்றார் பிராட்லா. ஆனால் அதில் உள்ள சில சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், பிரமாணத்தின் சாரம் தம் மனசாட்சியைக் கட்டும் என்றும் முன்கூட்டியே பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதிவிட்டார்.

அந்தக் கடிதம் ஒரு தவறு என்று அவருடைய நண்பர்களே நினைத்தார்கள். வாயை மூடிக்கொண்டு பிரமாணத்தை எடுத்திருந்தால் யாரும் தடுத்திருக்க முடியாது என்பது உண்மை. கடவுள் நம்பிக்கை இல்லாத வேறு பலர் அதற்கு முன்னும் அப்படி நுழைந்தவர்கள்தாம். ஆயினும் பொய்ச் சத்தியம் செய்கிறான் என்ற பழி பின்னால் வரக்கூடாது என்று முன்னாலேயே உள்ளதைச் சொன்ன மனிதரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சபை அந்த நேர்மையையே அவருக்கு எதிரான சாட்சியமாக எடுத்துக்கொண்டது. உறுதிமொழி கூற முயன்றபோது, நீ அந்தப் பிரிவினன் அல்லன் என்றார்கள். பிரமாணம் எடுக்க முயன்றபோது, உன் பிரமாணம் செல்லாது என்றார்கள். ஜூன் 22 அன்று 275க்கு 230 என்ற வாக்கில், இரண்டுமே கூடாது என்று தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் சபையை விட்டு வெளியேற மறுத்தபோது, 274க்கு 7 என்ற வாக்கில் காவலில் வைக்கப்பட்டு, பிக் பென் மணி இருக்கும் அதே கோபுரத்தில் ஓர் இரவைக் கழித்தார். அந்தக் கோபுரத்தில் அடைக்கப்பட்ட கடைசி உறுப்பினர் அவரே என்பார்கள்.

எதிர்ப்பை முன்னின்று நடத்தியவர்கள் டிரம்மண்ட் வுல்ஃப், கோர்ஸ்ட், ராண்டால்ப் சர்ச்சில் போன்ற கன்சர்வேட்டிவ்கள். அவர்களுக்குத் தெய்வபக்தியை விட, பிரதமர் கிளாட்ஸ்டனைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்த ஒரு வாய்ப்பு கிடைத்ததே பெரிதாக இருந்தது என்பது என் கணிப்பு. கிளாட்ஸ்டனின் ஏற்பாட்டால், வழக்குக்கு உட்பட்டு உறுதிமொழி கூறி, 1880 ஜூலை முதல் சில மாதங்கள் பிராட்லா சபையில் அமர்ந்து வாக்களித்தார். உடனே, தகுதியின்றி அளித்த வாக்குக்கு 500 பவுண்டு அபராதம் கேட்டு கிளார்க் என்பவர் வழக்குத் தொடுத்தார். 1881 மார்ச்சில் நீதிமன்றம் பிராட்லாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும் இருக்கை போயிற்று. ஏப்ரல் இடைத்தேர்தலில் நார்த்தாம்ப்டன் அவரை 132 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் அனுப்பியது. சபை மீண்டும் கதவை மூடியது.

1881 ஆகஸ்ட் 3ஆம் தேதி நடந்ததை எத்தனை முறை படித்தாலும் மனம் பதைக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் நாட்டின் பல மூலைகளிலிருந்து மனுக்களோடு வந்த மக்கள் நின்றிருந்தார்கள். பிராட்லா தனியாகச் சபைக் கதவை நோக்கி நடந்தார். காவலர்களும் சபைப் பணியாளர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் அவரைப் பிடித்து, படிகளில் இழுத்து, கோட்டு கிழிய, மூச்சு வாங்க, வெளி முற்றத்தில் கொண்டுவந்து விட்டார்கள். அந்த இழுபறியில் கைத்தசைகள் கிழிந்து அவர் பிறகு படுக்கையில் விழுந்தார். வெளியே நின்ற கூட்டம் கொதித்துப் படிகளில் ஏறத் தொடங்கியபோது, அவர்கள் எதிரில் நின்று அடக்கியவர் அன்னி பெசன்ட். பிராட்லா ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ரத்தம் சிந்தியிருக்கும். அவர் அதைச் சொல்லவில்லை. சட்டம் தம்மை ஏமாற்றிக்கொண்டே இருந்தபோதும் சட்டத்தை விட்டு ஓர் அடி விலகாத அந்தப் பிடிவாதம்தான் என்னை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

1882 பிப்ரவரியில் ஒரு நாள் யாரும் எதிர்பாராமல் மேசை வரை விறுவிறுவென நடந்துபோய், சட்டைப் பையிலிருந்து ஒரு தாளையும் வேதாகமத்தையும் எடுத்து, பிரமாணத்தைத் தாமே தமக்குச் செய்துவைத்துக்கொண்டு, கையெழுத்திட்டு அமர்ந்தார். சபை அவரை நீக்கியது. நார்த்தாம்ப்டன் 108 வாக்கில் மீண்டும் அனுப்பியது. 1884இல் இன்னொரு முறை அதுவே நடந்தது. இந்த முறை வித்தியாசம் 368. செருப்புத் தைக்கும் அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் நாத்திகர்கள் அல்லர், தேவாலயம் செல்பவர்கள். எங்கள் வாக்கை நீங்கள் எண்ண மறுக்க முடியாது என்பதைத்தான் அவர்கள் மீண்டும் மீண்டும் சொன்னார்கள். உண்மையில் இந்தக் கதையின் நாயகர்கள் அவர்களே என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இதற்கிடையில் 1883 ஏப்ரல் 26 அன்று கிளாட்ஸ்டன் ஆற்றிய உரையையும் சொல்லியாக வேண்டும். ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தரான அவர், உறுதிமொழி மசோதாவை ஆதரித்து, ரோமானியக் கவிஞர் லுக்ரீஷியஸின் லத்தீன் வரிகளைச் சபையில் நீளமாகச் சொன்னார். மனிதரைப் பற்றிக் கவலையே படாத தெய்வங்கள் எங்கோ இருக்கின்றன என்று நம்புகிறவன் உங்கள் பிரமாணத்தை எடுத்து உள்ளே வரலாம். அப்படிப்பட்ட பிரமாணம் எந்த மதத்தைக் காக்கிறது என்பது அவர் கேட்டதன் சாரம். அத்தனை சிறந்த உரைக்குப் பிறகும், பிராட்லா முதன்முதல் மேசைக்கு வந்த நாளிலிருந்து சரியாக மூன்று ஆண்டு நிறைந்த 1883 மே 3 அன்று, மூன்றே வாக்கில், 292க்கு 289 என்று மசோதா தோற்றது. ஆனால் அதே ஆண்டு கிளார்க் தொடுத்த அபராத வழக்கில், உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை பிராட்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அந்த அபராதத்தைக் கேட்கும் உரிமை அரசுக்கு மட்டுமே உண்டு, தனிநபருக்கு இல்லை என்ற சட்ட நுணுக்கம் அவரைக் காத்தது. கிளார்க்குக்குப் பின்னால் நின்று பணம் கொடுத்த நியூடிகேட் என்ற உறுப்பினர் மீது திருப்பி வழக்குப் போட்டு, அதிலும் வென்றார்.

1886 ஜனவரி 13 அன்று புதிய நாடாளுமன்றம் கூடியபோது, சபாநாயகர் பீல், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினருக்கும் பிரமாணத்துக்கும் நடுவில் குறுக்கிட யாருக்கும் உரிமையில்லை என்று எதிர்ப்புகளை ஒதுக்கினார். பிராட்லா பிரமாணம் எடுத்தார். இத்தனை எளிதாக முடிந்திருக்கக்கூடிய விஷயம் அது. 1888இல், அவரே கொண்டுவந்த பிரமாணச் சட்டம் நிறைவேறி, யாரும் பிரமாணத்துக்குப் பதில் உறுதிமொழி கூறலாம் என்றாயிற்று. கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர், உள்ளே வந்ததும் அந்தக் கதவை மற்றவர்களுக்குத் திறந்துவைத்தார்.

உள்ளே இருந்த ஐந்தாண்டுகளில் அவர் கடுமையாக உழைத்தார். கூலியைப் பணமாகத் தராமல் பொருளாகத் தரும் முறையைக் கட்டுப்படுத்தும் 1887ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் எட்டு மணி நேர வேலையைச் சட்டமாக்குவதை எதிர்த்தார். சோஷலிசத்தை எதிர்த்து, சோஷலிஸ்ட் தலைவர் ஹிண்ட்மனோடு மேடையில் வாதிட்டார். சோஷலிஸ்ட் ஆன பெசன்ட்டோடு கருத்தால் பிரிந்தார். தனிமனித சுதந்திரம் என்ற ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைத்தவர், ஆலையில் பதினான்கு மணி நேரம் நிற்பவனுக்கு அந்த அளவுகோல் போதாது என்பதைக் காணவில்லை. எனக்கு அவரிடம் உள்ள ஏமாற்றம் இதுதான்.

இந்தியாவின் கதை இங்கேதான் வருகிறது. இந்திய விவகாரங்களைச் சபையில் விடாமல் எழுப்பியதால் பார்வையற்ற அறிஞர் ஹென்றி ஃபாசெட்டுக்கு ‘இந்தியாவின் உறுப்பினர்’ என்று பெயர் இருந்தது. 1884இல் அவர் மறைந்த பிறகு அந்தப் பெயர் பிராட்லாவுக்கு வந்தது. 1889 இலையுதிர் காலத்தில் கடும் நோயில் விழுந்து எழுந்தவர், கடல் பயணம் உடலுக்கு நல்லது என்ற மருத்துவ ஆலோசனையோடு பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். வெட்டர்பர்ன் தலைமை வகித்த அந்த ஐந்தாவது மாநாட்டுக்கு வந்த பிரதிநிதிகள், ஆண்டின் எண்ணுக்கே பொருத்தமாக, 1889 பேர். மக்களுக்காக அன்றி வேறு யாருக்காக உழைப்பேன், மக்களில் பிறந்தவன் நான் என்று அவர் அங்கே பேசினார். ஊர் திரும்பியதும், இந்தியச் சட்டமன்றங்களில் தேர்தல் முறையைப் புகுத்த ஒரு மசோதாவைச் சபையில் வைத்தார். காஷ்மீர் மகாராஜாவின் அதிகாரம் பறிக்கப்பட்டதை 1890இல் விவாதத்துக்கு இழுத்தார். இதற்கெல்லாம் முன்பே, 1880களில், சென்னை இலௌகிக (மதச்சார்பற்ற) சங்கத்தார் பிராட்லாவின் இயக்கத்தை முன்மாதிரியாகக் கொண்டு ‘தத்துவ விவேசினி’ என்ற தமிழ் இதழை நடத்திவந்தார்கள். நாத்திகராக அவரை அறிந்தவர்களும், காங்கிரசின் நண்பராக அறிந்தவர்களும் நம் நாட்டில் வேறுவேறு கூட்டத்தினர். பிராட்லா அடக்கமான புரூக்வுட் இடுகாட்டுக்கு வந்த இந்தியர்கள் பெரும்பாலும் இரண்டாவது கூட்டத்தார். தமக்காகப் பேச வாக்கோ இருக்கையோ இல்லாத ஒரு நாட்டினர், தம் இருக்கைக்காக அத்தனை ஆண்டுகள் போராடிய ஒருவருக்கு மரியாதை செலுத்த வந்தார்கள்.

1880 ஜூன் 22 தீர்மானத்தைச் சபையின் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்பது அவருடைய கடைசி முயற்சி. ஜான் வில்க்ஸ் என்ற உறுப்பினருக்கு எதிரான தீர்மானம், வாக்காளர் அனைவரின் உரிமையையும் குலைப்பது என்று கூறி 1782இல் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது அதற்கு முன்னுதாரணம். 1891 ஜனவரியில் அதை நீக்கக் கோரும் தீர்மானம் விவாதத்துக்கு வந்தபோது பிராட்லா செயின்ட் ஜான்ஸ் வுட் பகுதியிலிருந்த தம் வீட்டில் நினைவு தப்பிக் கிடந்தார். அவருக்குப் பதிலாக டாக்டர் ஹண்டர் என்ற உறுப்பினர் முன்மொழிந்தார்; கன்சர்வேட்டிவ் அரசும் எதிர்க்கவில்லை. ஜனவரி 27 அன்று அந்த வரி நீக்கப்பட்டது. செய்தி அவருக்கு எட்டவே இல்லை. ஜனவரி 30 அதிகாலையில் உயிர் பிரிந்தது.

பிப்ரவரி 3 அன்று, அவர் விரும்பியபடி, சடங்கும் சொற்பொழிவும் இல்லாமல் அடக்கம் நடந்தது. ஆனால் அவருடைய மகள் ஹைபேஷியாவுக்கு ஒரு கவலை இருந்தது. நாத்திகர்கள் சாகும் தறுவாயில் மனம் மாறிக் கடவுளை அழைத்தார்கள் என்ற கதைகள் அந்நாளில் சர்வ சாதாரணமாகக் கட்டப்பட்டன. எனவே தந்தையைக் கடைசி நாட்களில் கவனித்துக்கொண்ட செவிலியரிடம், மதம் பற்றி அவர் எதுவும் பேசவில்லை என்று எழுதி வாங்கி, கையெழுத்தும் பெற்று, பத்திரப்படுத்தி வைத்தார். எதிர்பார்த்தது போலவே அந்தக் கதைகள் கிளம்பின. இருபது ஆண்டுகள் கழிந்த பிறகும், தந்தை என்னவாக வாழ்ந்தாரோ அப்படியே இறந்தார் என்பதை நிறுவ, ஹைபேஷியா அந்தத் தாள்களை எடுத்து அச்சிட வேண்டியிருந்தது.